கலர் ஏத்தாமல் ஒரு பட்டமளிப்புப் படம்

தமிழில் ‘கலர்’ என்ற சொல்லுக்கு ஒரு விசித்திரமான பொருள் உண்டு. “பொண்ணு நல்ல கலரு” என்றால் பெண் வெளுப்பு என்று அர்த்தம். தோலில் நிறமி குறைவாக இருப்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் நிறம்! பல வருஷமாகக் காதில் விழுந்த சொல்தான். போன மார்ச் மாதம் அக்கா மகளைப் பட்டமளிப்பு அங்கியில் படம் எடுக்க அடி அண்ணாமலைக்குப் போனபோதுதான் இது எனக்கு உறைத்தது. கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்குள் அவள் சொன்னாள்: “மாமா, எடிட் பண்றப்போ கலர் மட்டும் கொஞ்சம் ஏத்திடுங்க.”

அவள் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம். எங்கள் அக்கா வீட்டில் முதல் பட்டதாரி. ஏற்கெனவே ஒரு ஸ்டூடியோவில் அங்கி போட்டு, கையில் சுருட்டிய காகிதத்தோடு ஒரு படம் எடுத்தாகிவிட்டது. அதில் முகம் சந்தன நிறம், காகிதத்தைப் பிடித்திருக்கும் விரல்கள் அவளுடைய சொந்த நிறம். மூக்குக்குப் பக்கத்தில் இருக்கும் மச்சத்தையும் காணோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “யாருடி இது, உன் கூடப் படிக்கிற பொண்ணா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தப் படம் பீரோவுக்குள் போனது, சுவருக்கு வரவில்லை. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டு அதே கோரிக்கை!

எனக்குப் புகைப்படம் தொழில் இல்லை. வேலை மென்பொருள். கையில் இருப்பது பழைய கேமராவும் ஒரு 50 மி.மீ. லென்ஸும். ஆனால் ‘கலர் ஏத்துவது’ என்றால் கணக்குப்படி என்ன நடக்கிறது, அது இல்லாமல் ஒரு கருப்பான பெண்ணைப் பளிச்சென்று காட்ட முடியுமா என்ற கேள்வி மண்டைக்குள் ஏறிவிட்டது. இந்தப் பதிவு அதற்கான பதில். முடியும் என்பதே என் முடிவு. எப்படி என்பதற்குக் கொஞ்சம் சூரியன், கொஞ்சம் தோல், கொஞ்சம் பெருக்கல் வாய்ப்பாடு வேண்டும்.

அமெரிக்காவில் பள்ளிக் கடைசி வருஷப் பிள்ளைகளை வயல், பூங்கா, பழைய கட்டடம் என்று கூட்டிப்போய் ‘சீனியர் போர்ட்ரெய்ட்’ எடுப்பது ஒரு பெரிய வழக்கம். இணையத்தில் ‘வெளியிடத்தில் பட்டமளிப்புப் படம்’ என்று தேடினால் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை அவர்களுக்காக எழுதப்பட்டவை. நல்ல பாடங்கள்தான். ஆனால் அவற்றுக்குள் சொல்லாமலே இரண்டு அனுமானங்கள் இருக்கின்றன. ஒன்று, சூரியன் சாவகாசமாக இறங்கும். இரண்டு, தோல் வெளுப்பாக இருக்கும். இரண்டுமே திருவண்ணாமலையில் செல்லாது.

முதலில் சூரியன். ‘தங்க நேரம்’ என்று சொல்வார்கள், சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 6 பாகை உயரத்துக்குள் இருக்கும் நேரம். வெளிச்சம் மென்மையாக, மஞ்சளாக இருக்கும். திருவண்ணாமலை 12 பாகை வடக்கு அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. இங்கே மார்ச் மாதத்தில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுகிறது, மணிக்கு 14 பாகைக்கு மேல். ஆக அந்த 6 பாகையைக் கடக்க 25 நிமிஷம்தான். அதே நாளில் லண்டனில் 40 நிமிஷம் ஆகும், கோடையில் இன்னும் அதிகம். பாடம் எழுதியவர் ‘அவசரப்படாதீர்கள், ஒரு மணி நேரம் இருக்கிறது’ என்பார். நாம் அங்கிக்கு ஊக்கு குத்தி முடிப்பதற்குள் இங்கே பொழுது முடிந்துவிடும்.

ஆனால் நம்மிடம் ஒரு மலை இருக்கிறது. பெரிய கோயிலும் ஊரும் மலைக்குக் கிழக்கே. அடி அண்ணாமலை அதற்கு நேர் பின்பக்கம், கிரிவலப் பாதையில் வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் இடைப்பட்ட மேற்குப் பகுதி. ஆகவே அடி அண்ணாமலைக்காரர்களுக்குச் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்துதான் வர வேண்டும். மலை கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர். சுற்றியுள்ள சமவெளியைக் கழித்தால் 600 மீட்டருக்கு மேல் நிற்கிறது. ஊரிலிருந்து உச்சி நேர்கோட்டில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போட்டால் உச்சி சுமார் 15 பாகை உயரத்தில் தெரியும். சூரியன் 15 பாகை ஏற ஒரு மணி நேரம். அதாவது பஞ்சாங்கத்தில் 6.30-க்கு உதயம் என்றால், நாங்கள் நின்ற இடத்தில் 7.30-ஐ ஒட்டித்தான் வெயில் முகத்தில் விழும். நடுவில் ஒரு மணி நேரம், மேலே முழு வானமும் வெளுத்துக் கிடக்க, நேர் வெயில் மட்டும் இல்லாமல் இருக்கும்.

படம் எடுப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காசு கொடுத்து வாங்கும் ‘சாஃப்ட்பாக்ஸ்’ என்ற துணிப்பெட்டி விளக்கு ஒரு மீட்டர் அகலம் இருக்கும். இது அடிவானம் வரை அகலம்.

இந்த நிழல் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. சித்திரை, வைகாசியில் சூரியன் கிழக்குக்கு நன்றாக வடக்கே உதிப்பதால் உச்சியை விட்டு விலகி, தாழ்வான சரிவுக்கு மேலே சீக்கிரம் எட்டிப்பார்த்துவிடும். மார்ச் முதல் வாரத்தில் உதயம் ஏறக்குறைய நேர்கிழக்கு என்பதால் எங்களுக்கு அதிர்ஷ்டம். ஊர்ப் பக்கம், அதாவது கிழக்கே எடுப்பவர்களுக்கு இதே கணக்கு தலைகீழ்: மாலையில் மலை நிழல் சீக்கிரம் வந்துவிடும். பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள் என்று சொல்லத் தேவையில்லை. அன்று கிரிவலப் பாதையில் கேமராவோடு நிற்க முடியாது, கூட்டம் நம்மையும் சேர்த்து வலம் வர வைத்துவிடும்.

மலை பின்னணியில் வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. என் கேமராவில் 50 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்தால் நடுவிலிருந்து மேலே 13 பாகை வரை தெரியும். மலை 15 பாகை. ஆகவே முகத்தைப் படத்தின் நடுவில் வைத்து, உச்சிக்கு நேர்கீழே அவளை நிறுத்தினால் பின்னணியில் வானமே வராது. தலைக்குப் பின்னால் முழுக்க மலையின் கருநீல நிழல். முகத்தைச் சுற்றி வெளிச்சமான எதுவும் இல்லாதபோது கண் தானாக முகத்துக்குப் போகிறது. மாநிறமோ கருப்போ, அந்த முகம்தான் படத்திலேயே வெளிச்சமான இடம். வெளுத்த வானத்தின் முன்னால் நிறுத்தினால் அதே முகம் இருட்டு மாதிரித் தெரியும். ஸ்டூடியோக்களில் பின்னால் வெள்ளைத் திரை கட்டிவிட்டு அப்புறம் ‘முகம் டல்லா இருக்கு’ என்று கலர் ஏற்றுவது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

இப்போது தோல்.

கேமராவில் இருக்கும் வெளிச்சமானிக்கு எதிரில் இருப்பது முகமா, சுவரா, எருமையா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். அன்சல் ஆடம்ஸ் தன் மண்டல முறையில் வெள்ளைக்காரர்களின் சராசரித் தோலை ஆறாவது மண்டலத்தில் வைத்தார், நடுச்சாம்பலுக்கு ஒரு படி மேலே. (ஒரு படி என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, கேமராக்காரர்கள் ‘ஸ்டாப்’ என்பார்கள்.) அக்கா மகளின் கன்னம் சாம்பலுக்குக் கிட்டத்தட்ட ஒரு படி கீழே. சட்டத்துக்குள் வானம் நிறைய வந்தால் கேமரா ‘ஐயோ ரொம்ப வெளிச்சம்’ என்று எல்லாவற்றையும் இருட்டாக்கும், முகம் இன்னும் இரண்டு படி இறங்கும். கறுப்பு அங்கி சட்டத்தை நிறைத்தால் நேர்மாறு: கேமரா அங்கியைச் சாம்பலாக்கப் பார்த்து முகத்தை வெளிறடிக்கும். அங்கியோடு எடுக்கும் படங்களில் ஒன்று கரி, அடுத்தது சுண்ணாம்பு என்று மாறிமாறி வருவது இதனால்தான்.

இதற்குக் கைவசம் உள்ள எளிய வழி உள்ளங்கை. உள்ளங்கையில் மெலனின் குறைவு. முகம் எந்த நிறமாக இருந்தாலும் உள்ளங்கை பெரும்பாலும் ஒரே மாதிரி வெளுப்பு, சாம்பலுக்கு ஏறக்குறைய ஒரு படி மேலே. ஆகவே கேமராவைப் புள்ளி அளவீட்டில் வைத்து, படம் எடுக்கப்போகிறவரின் முகம் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வெளிச்சம் வரும் பக்கம் காட்டச் சொல்லி, அதை அளந்து, ஒரு படி கூட்டிப் பூட்டிவிட வேண்டும். அப்புறம் அங்கி வந்தாலும் மலை வந்தாலும் அளவு மாறாது. எங்களுக்கு வந்தது எஃப் 2.8, 1/200 விநாடி, ஐஎஸ்ஓ 400. போனில் எடுப்பவர்கள் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்துப் பார்க்கலாம். ‘பியூட்டி’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை முதலில் அணைத்துவிடவும், சில போன்களில் அது நாம் கேட்காமலே எரிந்துகொண்டிருக்கும்.

குறைவான வெளிச்சத்தில் எடுத்துவிட்டு அப்புறம் எடிட்டிங்கில் தூக்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். தூக்கலாம், விலை உண்டு. வெளிச்சம் என்பது எண்ணக்கூடிய துகள்களாக வருகிறது. ஒரு புள்ளியில் 10,000 ஃபோட்டான் விழுந்தால் அதில் இயற்கையான தடுமாற்றம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. தகவல் இரைச்சலைப் போல 100 மடங்கு. இரண்டு படி குறைத்து எடுத்தால் 2,500 ஃபோட்டான், தடுமாற்றம் 50, விகிதம் 50 மடங்குதான். கருப்புத் தோல் ஏற்கெனவே குறைவான ஃபோட்டான்களைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதையும் குறைத்துவிட்டுப் பிறகு தூக்கினால் கன்னத்தில் வண்ணப் புள்ளிகள் கிளம்பும். அதை மறைக்க மென்மையாக்கினால் தோல் பிளாஸ்டிக் ஆகும். வெளுப்பான தோலுக்கு மன்னிக்கப்படும் தப்பு நமக்கு மன்னிக்கப்படாது.

சரி, பெருக்கலுக்கு வருவோம். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே இதுதான்.

எடுத்த ‘ரா’ கோப்பில் அவள் கன்னத்தை அளந்தேன். பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டை பிடித்திருந்ததால் அளவு நம்பகமானது. விழுந்த வெளிச்சத்தில் சிவப்பு 20 சதவீதம், பச்சை 8, நீலம் 5 திரும்பி வந்திருந்தது. (ரா கோப்பின் நேரடி எண்கள் இவை, திரைக்காக வளைக்கப்பட்டவை அல்ல.) சிவப்புக்கும் நீலத்துக்கும் விகிதம் 4:1. இந்த விகிதம்தான் அவளுடைய நிறம். நல்லெண்ணெய் மாதிரி ஓர் அடர்த்தியான பழுப்பு.

இப்போது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கினால் 40, 16, 10. விகிதம் இன்னும் 4:1. அதே பெண், அதிக வெளிச்சத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான். மாறாக ஒவ்வொன்றிலும் 20 கூட்டினால் 40, 28, 25. சிவப்பு இரண்டு முறையிலும் அதே 40-தான். ஆனால் விகிதம் 1.6:1. இது வேறு பெண். ஸ்டூடியோ படத்தை அளந்து பார்த்தேன், கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் இருந்தது. வெளிச்சம் பெருக்கும், வெள்ளை கூட்டும். நம்மூரில் ‘கலர் ஏத்துவது’ என்பது கூட்டல்.

ஒருமுறை இது பிடிபட்ட பிறகு எங்கு பார்த்தாலும் கூட்டல் தெரிய ஆரம்பித்தது. முதலில் பவுடர். அக்கா காலை 5 மணிக்கே மகளுக்குப் பவுடர் அடித்து அனுப்பியிருந்தாள். டால்கம் வெள்ளைத் தூள், விழும் வெளிச்சத்தை எல்லா நிறத்திலும் சமமாகச் சிதறடிக்கும். வெளுத்த தோலில் அது தெரியாது. 20, 8, 5 இருக்கிற தோலில் எல்லாவற்றிலும் 5 கூடினாலே சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். வானத்தின் நீல வெளிச்சத்தில் இன்னும் மோசம், ஊதா தட்டும். முகம் கழுவச் சொன்னேன். “அம்மா கேட்டா நீங்கதான் சொல்லணும்” என்று சொல்லிவிட்டுப் பாட்டில் தண்ணீரில் கழுவினாள்.

இரண்டாவது, தோலின் மினுமினுப்பு. தோலில் படும் வெளிச்சம் இரண்டு விதமாகத் திரும்பும். ஒரு பகுதி உள்ளே போய், மெலனினையும் ரத்தத்தையும் தொட்டு, நிறம் ஏறி வெளியே வரும். இன்னொரு சிறு பகுதி மேல்பரப்பிலேயே கண்ணாடி போல் பட்டுத் தெறிக்கும். அதில் தோலின் நிறமே இருக்காது, விளக்கின் நிறம்தான். இந்த மேல்பரப்புத் தெறிப்பு எல்லா நிறத்தாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கருப்பான தோலில் உள்ளிருந்து வருவது குறைவு என்பதால் தெறிப்பு தூக்கலாகத் தெரியும். நேர் வெயிலிலோ சின்ன ஃபிளாஷிலோ எடுத்தால் நெற்றியில் வெள்ளைத் திட்டு, மற்ற இடம் இருட்டு. ஆனால் அதே தெறிப்பு ஒரு பெரிய வெளிச்சத்திலிருந்து வந்தால், கன்னத்து எலும்பு, மூக்குத்தண்டு, தாடை எல்லாம் மெல்லிய பளபளப்பில் செதுக்கின மாதிரி வரும். வெளுத்த முகங்களுக்கு வடிவம் தருவது நிழல். கருத்த முகங்களுக்கு வடிவம் தருவது இந்தப் பளபளப்பு. சினிமா ஒளிப்பதிவாளர்கள் கருப்பான நடிகர்களுக்கு விளக்கைக் கூட்டாமல் விளக்கின் பரப்பைக் கூட்டுவது இதனால்தான். பவுடர் அடிப்பது இந்தப் பளபளப்பையும் கொன்றுவிடும்.

எங்களிடம் பரப்புக்குக் குறைவில்லை, வானம் இருந்தது. ஆனால் வானம் மேலே மட்டும் இருப்பதால் கண்குழிகள் இருட்டும். அதற்கு அப்பாவின் எட்டு முழ வேட்டி. அவள் தம்பியும் நானுமாக நாலாக மடித்து, அவளுடைய இடுப்புயரத்தில் சாய்த்துப் பிடிக்க ஏற்பாடு செய்தோம் (நான் படம் எடுக்கும்போது ஒரு முனை மரக்கிளையில்). கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு வந்தது, உயிர் வந்த மாதிரி. வேட்டி இல்லாமல் எடுத்த ஒன்றிரண்டில் செம்மண் தரையின் எதிரொளி தாடைக்குக் கீழே செம்மையாக ஏறியிருந்தது. அதுவும் ஓரளவுக்கு அழகுதான், இரண்டு படத்தை அப்படியே வைத்துக்கொண்டேன்.

வேட்டியை வைத்து ஒரு தப்பும் செய்தேன். நிழலில் எடுத்த படம் நீலமாக இருக்கும், எடிட்டிங்கில் ஏதாவது ஒரு வெள்ளையைத் தொட்டு ‘இதுதான் வெள்ளை’ என்று சொன்னால் மென்பொருள் சரிசெய்யும். நான் வேட்டியைத் தொட்டேன். முகம் மஞ்சள்காமாலை வந்த மாதிரி ஆனது. காரணம் சொட்டு நீலம்! அது போதாதென்று சலவைத்தூளில் இருக்கும் பளிச்சூட்டிகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாக வெளியிடும். காலை நிழலில் வானத்தின் புற ஊதா தாராளம். ஆகவே நம் வேட்டி உண்மையில் வெள்ளையே இல்லை, வெளிர்நீலம். சாம்பல் அட்டையைத் தொட்டதும் சரியானது. அட்டை இல்லாதவர்கள் எந்தத் துணியையும் நம்ப வேண்டாம், கண்ணின் வெண்படலத்தையும் பல்லையும்கூட.

எடிட்டிங்கில் நான் செய்தது குறைவுதான், செய்யாமல் விட்டதுதான் அதிகம். பயன்படுத்தியது டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள். லைட்ரூமிலும் இதே வேலைதான். முதலில் வெள்ளைச் சமநிலை. அடுத்து எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு படி கூட்டினேன். அது பெருக்கல், விகிதம் கெடாது. முகத்துக்கு மட்டும் ஒரு மென்மையான வட்ட முகமூடி போட்டு இன்னும் கால் படி. அங்கியின் கறுப்பைத் தரையில் ஊன்றினேன், கறுப்பு கறுப்பாக இருந்தால்தான் முகம் துலங்கும். மாறுபாட்டுக்கு வளைகோடு போடும்போது மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகப் போகாமல் ஒளிர்வுக்கு மட்டும் போகும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழுப்பு செங்கல் ஆகிவிடும்.

தொடாமல் விட்டது ஆரஞ்சு. நிறம் வாரியாகத் திருத்தும் பலகையில் ஆரஞ்சு என்று ஒரு குமிழ் உண்டு. மனிதத் தோல் முழுக்க, எந்த நாட்டுத் தோலாக இருந்தாலும், அந்தக் குடும்பத்தில்தான் விழும். வீடியோ எடிட் செய்பவர்கள் வெக்டர்ஸ்கோப் என்ற வட்டக் கருவியில் தோலுக்கென ஒரே ஒரு கோடு வைத்திருப்பார்கள். வெளுத்தவர், கருத்தவர் எல்லாருடைய புள்ளிகளும் அந்த ஒரு கோட்டை ஒட்டியே கிடக்கும், ஏனென்றால் எல்லாருக்கும் உள்ளே இருப்பது அதே ரத்தமும் அதே மெலனினும், அளவுதான் வேறு. ஆரஞ்சின் ஒளிர்வை ஏற்றி, அடர்த்தியை இறக்குவது: இதுதான் ‘கலர் ஏத்தும்’ கைவேலையின் முழு ரகசியம். இரண்டு குமிழ், மூன்று விநாடி. கைகளில் முகமூடி போட நேரமில்லாததால்தான் விரல்கள் மட்டும் சொந்த நிறத்தில் தங்கிவிடுகின்றன.

பருவுக்கு ஒரு விதி இருக்கிறது, பல ரீடச் கலைஞர்கள் சொல்வது: இரண்டு வாரத்தில் தானாகப் போகக்கூடியதை எடுக்கலாம், கூடவே இருக்கப்போவதை எடுக்கக்கூடாது. தாடையில் இருந்த இரண்டு பருவை எடுத்தேன். மச்சத்தை அவளிடம் கேட்டேன். “அது இருக்கட்டும் மாமா, பாட்டி அடையாளம் கண்டுபிடிக்கணும்ல” என்றாள்.

இந்தக் கூட்டல் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தேடினேன். சோப்பு, கிரீம் விளம்பரங்களைக் குற்றம் சொல்வது சுலபம், ஃபேர் அண்ட் லவ்லி 1975-இலிருந்து இருக்கிறது. 2020-இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. ஆனால் கருவிகளுக்கும் பங்கு உண்டு. ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ என்பது நெகட்டிவின் மேல் பென்சிலால் செய்யும் வேலை. நெகட்டிவில் இருட்டாக்கினால் அச்சில் வெளுக்கும். பென்சிலால் கரியைச் சேர்க்க மட்டுமே முடியும், எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால் கூர்மையான கத்தியால் பூச்சைச் சுரண்ட வேண்டும், அது ஆபத்தான வேலை. ஆக, கையில் இருந்த சுலபமான கருவிக்கு ஒரே திசைதான் தெரியும்: வெளுப்பு.

கலர் வந்தபோது இன்னொன்று சேர்ந்தது. கோடாக் நிறுவனம் அச்சு இயந்திரங்களைச் சரிபார்க்க லேபுகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. முதல் மாடலின் பெயரால் எல்லா அட்டைகளுக்கும் ‘ஷெர்லி’ என்றே பெயர் வந்தது. அவள் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அதில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட செய்தி: அடர்பழுப்பு நிறங்கள் ஃபிலிமில் சரியாக வருவதில்லை என்ற புகாருக்கு வலு சேர்ந்தது கருப்பின மக்களிடமிருந்து அல்ல. மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும்தான் விளம்பரப் படங்களில் தங்கள் பொருள் சரியாக வரவில்லை என்று முறையிட்டிருக்கின்றன. பல நிறத்துப் பெண்கள் இருக்கும் அட்டை வர 1990-கள் ஆயின. போன் கேமராக்களில் கூகுள் ‘ரியல் டோன்’ என்று இதைத் தனி வேலையாக எடுத்துச் செய்தது 2021-இல்.

அவளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சொன்னால் ஓடியிருப்பாள். ஒன்று மட்டும் சொன்னேன். திருவண்ணாமலையில் கடைகள், ஆட்டோக்கள், வீடுகள் என்று எங்கும் பார்க்கும் அந்த ரமணர் படம், மார்பளவு, நேராகப் பார்க்கும் படம், 1940-களில் பெங்களூரைச் சேர்ந்த ஜி.ஜி. வெல்லிங் எடுத்தது. “அதுல யாராவது கலர் ஏத்தச் சொன்னாங்களா?” என்றேன். “அவரு சாமி. அவருக்கென்ன, பயோடேட்டாவா அனுப்பப் போறாங்க?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

உண்மையான விஷயம் அதுதான். பட்டமளிப்புப் படம் சுவருக்கு மட்டும் எடுக்கப்படுவதில்லை. பெண் பிள்ளைகளின் அங்கிப் படம் ஆறு மாதத்தில் ஜாதகத்தோடு சேர்த்து வெளியூருக்குப் போகும். ‘படிச்ச பொண்ணு’ என்பதற்கு அங்கி சாட்சி, ‘கலரான பொண்ணு’ என்பதற்கு முகம் சாட்சி. அந்த இரண்டாவது சாட்சியைத்தான் ஸ்டூடியோக்காரர் தயாரித்துத் தருகிறார். அவரைத் திட்டி என்ன பயன், வாடிக்கையாளர் கேட்பதைச் செய்கிறார். படித்து முடித்தவள் தன் படத்தைப் பார்க்கும்போது தன்னைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அது என் கட்சிதான், அவளுடைய முகம் அவளுடையது. ஆகவே இரண்டு விதமாகவும் செய்து கொடுத்தேன். ஒரே படம், ஒன்று பெருக்கியது, ஒன்று கூட்டியது (கைகளுக்கும் சேர்த்து, முறையாக!). எது எது என்று சொல்லாமல் மடிக்கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். பெருக்கியதைக் காட்டி, “இதுல கண்ணு நல்லாருக்கு” என்றாள். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது, கூட்டியதில் கன்னத்துக்கும் கண்ணின் வெள்ளைக்கும் உள்ள தூரம் குறைந்துவிட்டதால் கண் மங்கிப்போயிருந்தது. கருத்த முகத்தில் கண்ணும் பல்லும் எடுப்பாக இருப்பது அந்தத் தூரத்தால்தான். வெளுக்க வைக்கும்போது முதலில் போவது அதுதான்.

அச்சு பற்றி ஒரு எச்சரிக்கை. 8-க்கு 12 அங்குலத்துக்கு 2400-க்கு 3600 புள்ளிகள் போதும், எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக் ஆகக் கொடுங்கள், மேட் தாள் கேளுங்கள். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்து எடிட் செய்யுங்கள், இல்லையென்றால் அச்சு இருட்டாக வரும். இதெல்லாம் செய்தும் ஒரு லேபில் கொடுத்த முதல் அச்சு சந்தன நிறத்தில் வந்தது. இயந்திரத்தில் தானியங்கித் திருத்தம் போட்டிருந்தார்கள், அதற்கு மேல் ஆபரேட்டரும் அன்பாக ஒரு கை பார்த்திருந்தார். “பொண்ணு படமாச்சேன்னு கொஞ்சம் பிரைட் பண்ணேன் சார்.” திருத்தம் எதுவும் வேண்டாம் என்று கவரின் மேலேயே பெரிதாக எழுதி மறுபடி கொடுத்தோம். இரண்டாவது அச்சு சரியாக வந்தது.

அது இப்போது அக்கா வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே, கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்னால் மலை, கன்னத்தில் காலை வானம். அக்காவின் வாட்ஸ்அப் டிபியில் மட்டும் இன்னும் அந்த ஸ்டூடியோ படம்தான்.